நிறம் வந்தாலும் சந்தேகம், வராவிட்டாலும் சந்தேகம்: தங்கக் கொத்துச் சோதனையில் குறை தேடும் வழி

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குச் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி போன் வரும். "அக்கா, கலரே வரல" என்று ஒரு கூட்டம். "அக்கா, கலர் வந்துட்டு! எல்லாக் குழியிலயும் வந்துட்டு" என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் அழாத குறையாகப் பேசும், இரண்டாவது கூட்டம் மிட்டாய் கொடுக்காத குறையாகப் பேசும். எனக்குப் பயம் இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான். நிறம் வராவிட்டால் ஏன் என்று தேடுவோம். வந்துவிட்டால் படம் எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடுவோம்.

சோதனை இதுதான். மாட்டு ரத்த அல்புமின் புரதத்துக்குள் சுமார் 25 தங்க அணுக்கள் சேர்ந்த நானோ கொத்தை வளர்க்கிறோம். அந்தப் புரதத்தின் மேல் ஃபோலிக் அமிலத்தைக் கொக்கி போல மாட்டுகிறோம். சினைப்பைப் புற்று உட்படச் சில புற்றுகளின் செல் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பி என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்து ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா செல்லிலும் அது நிறைய உண்டு. கொக்கி அதில் போய் மாட்டும். மாட்டியதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. 365 நானோமீட்டர் புற ஊதாவில் கொத்து சிவப்பாக ஒளிரும். ஹைட்ரஜன் பெராக்சைடும் டி.எம்.பி. என்ற நிறமற்ற பொருளும் கொடுத்தால், கொத்து பெராக்சிடேஸ் நொதி போல வேலை செய்து டி.எம்.பி.யை நீலமாக்கும். இதைப் பார்க்கக் கருவி வேண்டாம், கண் போதும். சிக்கலும் அந்தக் கண்ணில்தான் தொடங்குகிறது.

குறை தேடுமுன் உங்கள் 96 குழித் தட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கொத்து போடாத வெறும் செல். கொக்கி இல்லாத கொத்து போட்ட செல். தனி ஃபோலிக் அமிலத்தை ஏராளமாக ஊற்றி ஏற்பியை முன்பே அடைத்துவிட்டு, அப்புறம் கொக்கிக் கொத்து போட்ட செல். எல்லாம் போட்டு பெராக்சைடு மட்டும் போடாத குழி. ஏற்பி மிகக் குறைந்த வேறொரு செல், வழக்கமாக நுரையீரல் புற்றிலிருந்து வந்த ஏ549. இவை இல்லையென்றால் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை. போட்டுவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

கொத்துக் கரைசல் ஊதா கலந்த சிவப்பாக வந்தது

சிங்கப்பூரில் ஜாக்கி யிங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலோர் செய்கிறோம். தங்கம் உள்ள குளோரோஆரிக் அமிலம் 10 மில்லிமோலாரில் 5 மில்லி, ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் அல்புமின் உள்ள கரைசல் 5 மில்லி. இரண்டையும் 37 டிகிரியில் கலக்கி, இரண்டு நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மில்லி விட்டு, அதே வெப்பத்தில் 12 மணி நேரம் வைக்க வேண்டும். வெளிர் மஞ்சளில் தொடங்கி, மறுநாள் காலையில் பால் விடாத கருப்பட்டிக் காப்பி நிறத்தில் நிற்கும். அதுதான் ஆரோக்கியமான நிறம்.

ஊதாவோ திராட்சைச் சிவப்போ தெரிந்தால், தங்கம் கொத்தாக நிற்காமல் பெரிய துகளாக வளர்ந்துவிட்டது என்று பொருள். 2 நானோமீட்டரைத் தாண்டிய துகள் 520 நானோமீட்டர் பக்கம் ஒளியை விழுங்கும். அந்தச் சிவப்பு புற ஊதாவில் ஒளிராது. அதைக் காப்பாற்ற முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

காரணம் பெரும்பாலும் குடுவைதான். பழைய தங்கத்தின் கண்ணுக்குத் தெரியாத பொட்டு ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருந்தால் போதும், புதுத் தங்கம் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜதிராவகத்தில் கழுவ வேண்டும். ஃப்யூம் ஹுட்டுக்குள் செய்யுங்கள். அசிட்டோன் பட்ட குடுவையில் ஊற்றாதீர்கள். மீதியை மூடி போட்டு வைக்காதீர்கள், வாயு கிளம்பிப் பாட்டில் வெடிக்கும்.

அடுத்தது கரண்டி. குளோரோஆரிக் அமிலத்தை ஸ்டீல் கரண்டியால் அள்ளினால் கரண்டியிலேயே தங்கம் படியும். பிளாஸ்டிக் கரண்டி எடுங்கள். ஒரு கிராம் பாட்டில் வாங்கினால் நான் அள்ளுவதே இல்லை. மொத்தத்தையும் 254 மில்லி சுத்த நீரில் கரைத்துவிடுவேன், 10 மில்லிமோலார் ஆகிவிடும்.

அப்புறம் காரம். அல்புமினில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் பி.எச். 12 பக்கம் போனால்தான் தங்க அயனியை நன்றாக ஒடுக்கித் தங்க அணுவாக்கும். பனையேறி கலயத்தில் தடவும் சுண்ணாம்பு மாதிரிதான் இது. குறைந்தால் பதநீர் கள்ளாகிவிடும், கூடினால் வாயில் வைக்க முடியாது. மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்துப் பாதி கார்பனேட்டாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியாக இறுகாத டப்பாவிலிருந்து எடுத்த வில்லைகள் வியர்த்து வழியும், எடையில் பாதி தண்ணீர்தான். 4 கிராம் எடுத்து 100 மில்லியில் அன்றன்றைக்குக் கரையுங்கள், பி.எச். தாளில் ஒரு சொட்டு வையுங்கள். அமிலமும் அல்புமினும் சேர்ந்ததும் கொஞ்சம் கலங்கும், அது தப்பில்லை. காரம் விட்டதும் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் காரம் போதவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத எங்கள் அறையே 37 டிகிரிக்கு மேல் போகும். "இன்குபேட்டர் எதுக்கு அக்கா" என்று ஒரு பிள்ளை மேசையிலேயே வைத்துவிட்டாள். பகலில் சரி. ராத்திரி இறங்கிவிட்டது, கொத்து பாதிதான் விளைந்தது.

புற ஊதாவில் சிவப்புக்குப் பதில் நீலம்

முதலில் டார்ச்சைச் சந்தேகப்படுங்கள். மலிவு விலையில் கிடைக்கும் டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர். அதன் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்து, சிவப்பை மறைத்துவிடும். 365 டார்ச் வாங்கி, அறையை இருட்டாக்கி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். பக்கத்தில் வெறும் அல்புமின் கரைசல் ஒன்றும் வெறும் தண்ணீர் ஒன்றும் வையுங்கள்.

தண்ணீரும் நீலமாகத் தெரிந்தால் குடுவையில் சோப்புத் தூள். வெள்ளை வேட்டி புற ஊதாவில் பளீரென்று நீலமாக மின்னுகிறதே, அதே வெளுப்புப் பொருள்தான் இங்கேயும். தண்ணீர் சுத்தம், கொத்து மட்டும் நீலம் என்றால் தங்கம் சேரவில்லை, காரத்தில் ஊறிய புரதம் மட்டும் மினுங்குகிறது. கொக்கி மாட்டிய பிறகுதான் நீலம் வந்ததா? அப்படியானால் ஃபோலிக் அமிலம். அது வெளிச்சத்தில் உடைந்து, நீலமாக ஒளிரும் டெரின் பொருள்களாகிவிடும். அந்தப் பாட்டிலுக்கு அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

நேற்றுச் சிவப்பாக இருந்தது இன்று அணைந்துவிட்டது என்றால் உலோக அயனி. பாதரசம் நானோமோலார் அளவிலேயே இந்தக் கொத்தை அணைக்கும். எப்போதோ உடைந்த தெர்மாமீட்டர் உங்கள் வாட்டர் பாத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தாமிர அயனியும் அணைக்கும். "ஆத்துப் பேர்லயே தாமிரம் இருக்கே அக்கா" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். தாமிரபரணியைப் பழி சொல்ல வேண்டாம், பித்தளைக் குழாயையும் போர் தண்ணீரையும் சொல்லுங்கள். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீரும் இந்த வேலைக்கு ஆகாது. அயனி நீக்கிய 18.2 மெகாஓம் நீர்தான்.

கொக்கி மாட்டும்போது கலங்கியது, அல்லது மாட்டவே இல்லை

அல்புமின் பி.எச். 4.7 பக்கம் தன் மின்சுமையை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொக்கியைப் புரதத்தோடு இணைக்கும் இ.டி.சி. என்ற பொருள் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அமிலத்தில் அதைக் கொத்தோடு நேரே போட்டால் கலங்குவது இதனால்தான். ஃபோலிக் அமிலத்தைத் தனியாக டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, இ.டி.சி.யும் அதன் துணையான என்.எச்.எஸ்.ஸும் போட்டுத் தயார் செய்து, அப்புறம் பி.எச். 7.4-க்கு மேல் உள்ள கொத்துக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் டிரிஸ் என்ற வகையாக இருக்கக் கூடாது. டிரிஸின் அமீன் முந்திக்கொண்டு கொக்கியைப் பிடித்துக்கொள்ளும்.

இ.டி.சி. ஈரம் பட்டால் செத்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி இரண்டும் தத்தளித்தபோது எங்கள் உறைபெட்டிக்கும் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்ததும் எல்லாம் பழையபடி உறைந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். தை மாதம் முழுக்கக் கொக்கி மாட்டவில்லை. புதுக் கொத்து, புது ஃபோலிக் அமிலம், புதுத் தாங்கல் கரைசல் என்று எல்லாவற்றையும் மாற்றினேன், அந்த ஒரு பாட்டிலைத் தவிர. உருகி உறைந்த இ.டி.சி. கட்டிதட்டி இருந்ததைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. இப்போது பாட்டிலை வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை திறப்பதில்லை.

மாட்டாத ஃபோலிக் அமிலத்தைச் சவ்வூடு பிரித்து, அதாவது கொத்தைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டு, வெளியேற்றுங்கள், ஒரு நாள் முழுக்க, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி. இதில் சோம்பேறித்தனம் செய்தால் தனி ஃபோலிக் அமிலம் கொக்கிக்கு முன்பாகப் போய் ஏற்பியில் உட்காரும்.

எல்லாக் குழியும் நீலம்

இங்கேதான் நிறைய நேரம் நிற்க வேண்டும்.

பெராக்சைடு போடாத குழி நீலமாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆகியிருந்தால் அது கொத்தின் நொதி வேலை இல்லை. கொத்தாகாமல் மிஞ்சிய தங்க அயனி தானே டி.எம்.பி.யை ஆக்சிஜனேற்றும், அதற்குப் பெராக்சைடு தேவையே இல்லை. மருந்து: கொக்கி மாட்டுமுன்பே கொத்தை நன்றாகச் சவ்வூடு பிரிப்பது. டி.எம்.பி. வெயில் பட்டும் தானாக நீலமாகும். ஜன்னலோர மேசையை விட்டு நகருங்கள்.

அடுத்து வெறும் செல் குழி. அது நீலமென்றால் செல்லுக்குள்ளேயே இருக்கும் பெராக்சிடேஸ், அல்லது ரத்தம். சிவப்பணுவின் ஹீமோகுளோபின் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். வளர்த்த செல்லில் இது குறைவு, திசுத் துண்டில் அதிகம். திசுவென்றால், கொத்து போடுமுன் 3 சதவீதப் பெராக்சைடில் பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள்.

வெறும் செல் சுத்தமாக இருக்கிறது, கொக்கி இல்லாத கொத்து போட்டது நீலமாகிறது என்றால் கொத்து சும்மா ஒட்டிக்கொள்கிறது. கழுவல் போதவில்லை, அல்லது செல் செத்துவிட்டது. செத்த செல் எதையும் உள்ளே விடும். செத்த செல்லை மட்டும் நிறமாக்கும் டிரிபான் நீலத்தில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். செல்லை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய பிறகு கிளைசின் போட்டு மீதி ஆல்டிஹைடை அடைக்காவிட்டாலும் இதேதான் நடக்கும். அல்புமினின் அமீனை அது பிடித்து இழுத்துவிடும்.

இனி என் பங்குக்கு ஒரு வெட்கக்கேடு. கொக்கி இல்லாத கொத்து ஒட்டவில்லை, கொக்கி உள்ளது மட்டும் எல்லா இடத்திலும் ஒட்டியது, செல்லே இல்லாத குழியில் கூட. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். குழியின் வெற்றிடங்களை அடைக்கப் பால் பொடிக் கரைசல் ஊற்றியிருந்தேன், மற்ற சோதனைகளில் எல்லோரும் செய்வதுதானே என்று. பசும்பாலில் ஃபோலேட்டைப் பிடிக்கும் புரதம் ஒன்று இயற்கையாகவே உண்டு. குழி முழுவதும் நானே ஏற்பியைப் பூசி வைத்துவிட்டு, ஏற்பி தெரிகிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இப்போது அல்புமின் கரைசலால்தான் அடைக்கிறேன்.

எந்தக் குழியிலும் நிறமில்லை

செல்லை விட்டுவிட்டு, ஒரு சின்னக் குழாயில் கொத்து, டி.எம்.பி., பெராக்சைடு மட்டும் கலந்து பாருங்கள். அங்கேயும் நீலம் வராவிட்டால் குறை வேதியியலில். பெராக்சைடு வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும். 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் 10 மில்லிமோலாருக்கு 0.43 அளவில் வர வேண்டும். நொதிக்குப் போடுவதைவிட இதற்குப் பெராக்சைடு அதிகம் வேண்டும். குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸின் செய்முறையை அப்படியே நகலெடுத்தால் வெறும் தண்ணீர்தான் பார்ப்பீர்கள். பி.எச். 4 பக்கம் இருக்க வேண்டும், செல் கழுவும் உப்புத் தாங்கல் கரைசலான பி.பி.எஸ்.ஸின் 7.4-இல் சோம்பிக் கிடக்கும். ஆனால் 4.7-இல் அல்புமின் கலங்கும் என்று மேலே சொன்னேனே, அதனால் 4.7-ஐ ஒட்டி நிற்காமல் 4-க்கே இறங்கிவிடுங்கள். டி.எம்.பி.யைக் கரைத்து வைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 18 டிகிரியிலேயே உறையும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டி.எம்.பி.யை முழுக்க உருகவிட்டுக் கலக்கிய பிறகு எடுங்கள்.

குழாயில் நீலம், செல்லில் இல்லை என்றால் குறை செல் பக்கம். செல் வளர்க்கும் ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அதில் வளர்ந்த செல்லின் ஏற்பி வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும், உங்கள் கொக்கிக்கு இடம் ஏது? ஃபோலேட் இல்லாத ஊடகத்தில் சில தலைமுறை வளர்த்துவிட்டு வாருங்கள். டிரிப்சின் போட்டுப் பெயர்த்த செல்லை உடனே சோதிப்பதும் தப்பு. டிரிப்சின் புரதம் தின்னி, மேற்பரப்புப் புரதத்தையும் மேயும். ஒரு நாள் குழியில் ஒட்டி வளரவிட்டுச் சோதியுங்கள். மெர்காப்டோஎத்தனால், டி.டி.டி., குளுட்டாதயோன் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, வந்த நீலத்தையும் வெளுத்துவிடும்.

ஃபோலிக் அமிலத்துக்குப் பதில் ஆர்.ஜி.டி. பெப்டைடை மாட்டி இன்டெக்ரின் புரதத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வரி: இன்டெக்ரினுக்குக் கால்சியமோ மெக்னீசியமோ வேண்டும். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் கழுவினால் பிடி விட்டுப்போகும்.

ஏ549-உம் ஹீலாவும் ஒரே நீலம்

எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு குழியில் பத்தாயிரம், இன்னொன்றில் இருபதாயிரம் செல் இருந்தால் நீங்கள் அளப்பது ஏற்பியை அல்ல, தலைக்கட்டை. சோதனை முடிந்ததும் செல்லுக்கு நிறமேற்றும் கிரிஸ்டல் வயலட் போட்டுச் சரிபார்க்கலாம். ஃபோலிக் அமிலத்தால் அடைத்த குழியில் நிறம் குறைகிறதா என்பதுதான் இங்கே கடைசித் தீர்ப்பு. குறையாவிட்டால் ஒட்டல் ஏற்பி வழியாக நடக்கவில்லை. ஒப்பீட்டுக்குக் கே.பி. செல்லையும் ஹீலாவையும் இரு வேறு புற்று என்று நினைத்து எடுக்காதீர்கள். வாய்ப்புற்று என்று வெகுகாலம் விற்ற கே.பி.யே ஹீலா கலந்த வழித்தோன்றல் என்று தெரிந்துவிட்டது.

செல் மேல் வளையம் இல்லை, உள்ளே புள்ளி புள்ளியாகச் சிவப்பு

செல் கொத்தை விழுங்கிவிட்டது. 37 டிகிரியில் ஃபோலேட் ஏற்பி தன் சுமையோடு உள்ளே போய்விடும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் அரை மணி நேரம் பிணைத்து, குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் கழுவி, அப்புறம் பதப்படுத்துங்கள். மீன் கடை ஐஸ் போதும், உப்பும் செதிலும் தட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. நீல நிறத்தை நுண்ணோக்கியில் இடம் பார்க்க முயலாதீர்கள், அது கரைந்து குழி முழுக்கப் பரவும். இடம் தெரிய வேண்டுமானால் டி.எம்.பி.க்குப் பதில் டி.ஏ.பி. என்ற பொருள், அது பழுப்பாக அங்கேயே படியும். டி.ஏ.பி. புற்று உண்டாக்கலாம் என்ற சந்தேகம் உள்ள பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இந்தப் படங்களைப் போனில் பார்த்த என் சித்தி கேட்டாள், "ஏட்டி, இத மேல தடவுனா கட்டி தெரியுமா?" தெரியாது. இது தட்டில் வளர்த்த செல்லுக்கு. கட்டி இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டித் திசு எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். சித்தியிடம் சொன்னதையே, சொந்தக்காரர் ரத்தத்தைக் கொண்டுவரும் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

நீலம் பச்சையாகி மஞ்சளானது, நுரை வந்தது

பச்சை என்றால் டி.எம்.பி. அளவுக்கு மீறி ஆக்சிஜனேறுகிறது. பெராக்சைடைக் குறையுங்கள், அல்லது சீக்கிரம் பாருங்கள். கந்தக அமிலம் போட்டு நிறுத்தினால் மஞ்சளாவது இயல்பு, அப்போது நீலத்தை அளக்கும் 652-க்குப் பதில் 450 நானோமீட்டரில் அளக்க வேண்டும். நுரை வந்தால் செல்லின் கேட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தின்கிறது. பதப்படுத்தல் போதவில்லை.

ஓரக் குழிகள் மட்டும் அழுத்தமான நீலம்

சித்திரை வெயிலில் தட்டின் ஓரக் குழிகள் முதலில் வற்றும். வற்றினால் எல்லாம் அடர்த்தியாகும். ஓர வரிசையில் வெறும் பி.பி.எஸ். ஊற்றிவிட்டு உள் குழிகளில் சோதனை செய்யுங்கள். போன் கேமராவும் ஆளுக்கு ஒரு நீலம் காட்டும். எல்லாத் தட்டையும் ஒரே விளக்கில், வெள்ளைத் தாள் மேல், வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

பார்ப்பது மட்டும் நான் பார்ப்பதில்லை. எந்தக் குழியில் எது என்று எனக்குத் தெரியும், அதனால் வேண்டிய இடத்தில் எனக்கு நீலம் தெரிந்துவிடும். குழி எண்ணை மறைத்து எங்கள் அட்டெண்டர் அண்ணாச்சியிடம் நீட்டுவேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். போன வாரம், "இது நீலம், இது நீலமில்ல, இது நீலம்னு சொன்னா நீ சந்தோசப்படுவ, ஆனா இல்ல தாயி" என்றார். மூன்றாவது குழியை மறுபடி போட்டிருக்கிறேன்.